கோலியை மட்டும் ஏசாதிய

பாளையங்கோட்டை
30.10.2025

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் சுகம். மழை தொடங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். தீபாவளிக்கு நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் இரண்டே நாளில் டப்பாவைக் காலி பண்ணிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் என்னாச்சு என்று கேட்டிருந்தாய். தோத்துட்டோம்லே. ரெண்டுக்கு ஒண்ணு. அதுவும் நம்ம மைதானத்தில், நம்ம ஆட்கள் வேலி ஓரம் நெருக்கியடித்து நிற்கும்போது. முதல் பத்து நிமிஷத்திலேயே நாம்தான் கோல் போட்டோம். பிறகு வலது ஓரமாக ஓடுகிற அவர்களுடைய ரைட் விங் பையன் கோட்டு ஓரம்வரை வந்து, கோல் முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு கிராஸ் தூக்கினான். தலையால் முட்டி சமன் பண்ணினார்கள். முடிய ஆறு நிமிஷம் இருக்கையில் அதே பையன் அதே வழியாக மறுபடி வந்தான். இந்தத் தடவை கிராஸ் போடவில்லை. கோல் காக்கிற நம்ம கோலிக்கும் நியர் போஸ்ட்டுக்கும், அதாவது அவன் வந்த பக்கத்துக் கம்பத்துக்கும், நடுவே இருந்த இடுக்கில் நேராக அடித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து முருகன்குறிச்சி டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் ராத்திரி பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை. வடை தீர்ந்து, பஜ்ஜி தீர்ந்து, கடைக்காரர் அடுப்பை அணைத்த பிறகும் பேச்சு அடங்கவில்லை. எல்லாம் கோலிப் பையன் மேலேதான். "நியர் போஸ்ட்டை விட்டுட்டு எங்கன போயி நின்னான்?" "அந்தப் பந்தை எங்க ஆச்சி புடிச்சிருப்பாலே!" ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவன் அந்தக் கோலை செல்போனில் எடுத்து வைத்திருந்தான். மெதுவாக ஓடவிட்டு, ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். முதல் கோல் போட்ட நம்ம ஃபார்வர்டுக்கோ தோளில் தட்டல், டீ, பாராட்டு.

நான் சொல்லிப் பார்த்தேன். "கோலியை மட்டும் ஏசாதிய. அந்தப் பந்து அவன்கிட்ட வாறதுக்கு முன்னால எங்கெங்க போச்சுன்னு பாருங்க"ன்னேன். யார் கேட்கிறார்கள்?

எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. திங்கள்கிழமை விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். ராத்திரி மழை இல்லை. வடக்குக் கோல் முன்னால் ஈரம் காயாமல், ஞாயிற்றுக்கிழமை மிதித்தது மிதித்தபடியே கிடந்தது. குனிந்து பார்த்தேன். போஸ்ட்டிலிருந்து இரண்டு எட்டு முன்னால் அவன் பூட்ஸ் பதிந்திருந்தது. அவர்களுடைய முதல் கோல் கிராஸில் போனதல்லவா? இதுவும் கிராஸ்தான் என்று நினைத்து எடுக்கக் கிளம்பியிருக்கிறான். அடி விழுந்ததும் திரும்பிப் பாய வலது காலை ஊன்றியிருக்கிறான். ஊன்றிய கால் ஒரு சாண் நீளத்துக்குச் சேற்றை வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் கோட்டின் முனையில் அவன் முட்டி விழுந்த குழியில் கலங்கல் தண்ணீர் நின்றது. பாயாமல் நின்றான் என்று டீக்கடையில் சொன்னார்கள் பார், அவன் பாய்ந்த தடம் அது.

அங்கிருந்து டச் லைன் ஓரமாகவே நடந்தேன். அந்த விங் பையன் ஓடிவந்த வழியில் கடைசியாக விழுந்த தடம் ஒரே ஒருவனுடையது. பக்கத்தில், இடதுபக்கம் தடுக்கிற நம்ம லெஃப்ட் பேக்கின் தடம் இருக்க வேண்டும். இல்லை. கார்னர் கிக்குக்கு மேலே ஏறிப் போனவன் திரும்பி வரவே இல்லை. அவன் ஏறினால் அந்த இடத்தை மூட வேண்டியது நடுவில் நிற்கிற ஹோல்டிங் ஆள். அவனுக்கு இருபது நிமிஷமாகவே கெண்டைக்காலில் பிடிப்பு. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். வெளியே இரண்டு பேர் வார்ம் அப் பண்ணிக்கொண்டு நின்றும் மாற்றவில்லை. அதற்கும் முன்னால் பந்தைப் பறிகொடுத்தது யார் தெரியுமா? கோல் போட்ட அதே ஃபார்வர்டுதான். வலதுபக்கம் ஆள் சும்மா நிற்கிறான். ஒருவனைத் தாண்டியவன் அவனுக்குக் கொடுக்காமல் இரண்டாவது ஆளையும் தாண்டப் போய்ப் பந்தை விட்டான். பந்து நாலு கை மாறி வந்து கடைசியில்தான் கோலி முன்னால் விழுந்தது. அதற்கு முன்னால் ஐந்து நல்ல பந்தை அந்தப் பையன் வெளியே தட்டியிருக்கிறான். நான் எண்ணினேன்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இந்த மாசம் 14ஆம் தேதி கோவாவின் மட்காவில் இந்தியா சிங்கப்பூரிடம் தோற்றதை நீயும் பார்த்திருப்பாய். நம்ம சாங்தே 14ஆம் நிமிஷம் தூரத்திலிருந்து அடித்த கோலில் நம்ம டீக்கடையே எழுந்து நின்றது. 44, 58ஆம் நிமிஷங்களில் சிங்கப்பூரின் சாங் உய்-யங் இரண்டு போட, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் கனவு அன்றே முடிந்தது. அன்றைக்கும் பாதிப் பேர் இந்தியக் கோலி குர்பிரீத்தை ஏசினார்கள், மீதிப் பேர் 41 வயசு ஃபார்வர்டு சேத்ரியை ஏன் இறக்கினாய் என்றார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி நீ இருக்கிற ஓமானை டைபிரேக்கரில் ஜெயித்தோமே, அன்றைக்குக் கடைசிப் பந்தைத் தடுத்தது இதே குர்பிரீத். நடுவில் போனது ஐந்து வாரம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றை மார்ச்சிலிருந்து பார்த்தால் வங்கதேசத்தோடு டிரா, ஹாங்காங்கிடம் தோல்வி, சிங்கப்பூரில் டிரா, மட்காவில் தோல்வி. இந்த நாலு ஆட்டத்திலும் சேர்த்து நாம் போட்டது இரண்டே கோல். தடுப்பவனை எத்தனை ஏசினாலும் அந்த இரண்டு மூன்றாகுமா? சிங்கப்பூரில் சிவப்பு அட்டை வாங்கிய தடுப்பாட்டக்காரன் ஜிங்கன் மட்காவில் ஆட முடியவில்லை. அவன் இல்லாத ஓட்டையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிரேசில் கோலி பார்போசா கதையை எனக்கு முதலில் சொன்னவன் நீதான். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கரையில் உட்கார்ந்து சொன்னாய். திங்கள்கிழமை அந்தச் சேற்றைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 1950 ஜூலை 16. ரியோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையை வாங்க பிரேசிலுக்கு டிரா போதும். ஒரு கோல் முன்னாலும் இருந்தார்கள். 66ஆம் நிமிஷம் உருகுவேயின் கிஜ்ஜா வலதுபக்கம் ஓடிவந்து கிராஸ் போட, அவர்களுடைய ஸ்கியாஃபினோ கோல் அடித்தார். 79ஆம் நிமிஷம் கிஜ்ஜா அதே வழியாக வந்தார். மறுபடி கிராஸ்தான் என்று பார்போசா ஒரு எட்டு வெளியே வைக்க, நியர் போஸ்ட் ஓரமாகப் பந்து உள்ளே போனது. ஞாயிற்றுக்கிழமை நம்ம மைதானத்தில் நடந்தது அச்சு அசல் அதுதானே? அந்தப் பக்கம் இரண்டு தடவையும் கிஜ்ஜாவைப் பிடிக்க முடியாதது பிரேசிலின் தடுப்பாட்டக்காரர் பிகோடே. அவருக்கும் ஏச்சு விழுந்தது, ஆனால் 2000இல் கண்ணை மூடுகிறவரை அம்பது வருஷம் அந்தக் கோலைச் சுமந்தவர் பார்போசா. வெளியே வராமலே நின்று, கிஜ்ஜா கிராஸ் போட்டிருந்தால், ஏன் வரவில்லை என்று அதற்கும் அவரைத்தான் ஏசியிருப்பார்கள் என்று சொல்லி நீ கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் ஆடியவன். எனக்குப் பின்னால் நீ கோலியாக நின்ற எட்டு வருஷத்தில் என் தப்புக்கு நீ வாங்கிய ஏச்சு எத்தனை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன்.

இப்போது எனக்குக் கவலை அந்தப் பையன்தான். 17 வயசு. மகாராஜநகர் உழவர் சந்தையில் அப்பாவோடு காய்கறி இறக்கிவிட்டு ஏழு மணிக்குப் பிராக்டீஸுக்கு வந்துவிடுவான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வரவில்லை. நேற்றுச் சந்தைக்கே போய்ப் பார்த்தேன். கத்திரிக்காய்ப் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீடியோவைச் சந்தைக்காரர்களும் பார்த்துவிட்டார்களாம். "நான் வெளிய வந்தது தப்புதான் மாமா"ன்னான். தப்புதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலாவது தப்பு அது, முதல் தப்பு இல்லை என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்லவில்லை.

ஸ்டாப்பர் சொல்வது கோலிக்குக் காதில் ஏறாது, உனக்கே தெரியும். நீதான் அவனோடு பேச வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டாம், அது அவனுக்கு உதவாது. விங்கில் ஆள் தனியாக வரும்போது எங்கே நிற்பது, ஈரத் தரையில் எந்தக் காலில் கனத்தை வைப்பது, பின்னால் நின்றுகொண்டே லெஃப்ட் பேக்கை எப்படிக் கூப்பிட்டு இறக்குவது, இதை எல்லாம் சொல்லிக் கொடு. ஆட்டம் முழுக்க அவன் வாயே திறக்கவில்லை. நீயோ கத்துகிற கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே? நாளைச் சாயங்காலம் நம்ம நேரம் ஆறு மணிக்கு அவனை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது நல்ல கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கி வா, சைஸ் ஒன்பது. இப்போது போடுவதில் இடது கைப் பட்டை அறுந்து, பூட்ஸ் கயிற்றால் கட்டியிருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய ஸ்டாப்பர்