குழி விழுந்த இடியனுக்குக் கிரைண்டர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் பேரப்பிள்ளைகளுடன் ஒரு காட்சிக்கூடத்துக்குச் சென்றபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய இடியன் துவக்கொன்று (குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் துப்பாக்கி) முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பதைக் கண்டு மனம் நொந்தேன். துருவால் குழி விழுந்திருந்த குழலை யாரோ கிரைண்டர் பிடித்து, குழியின் அடி தெரியும்வரை இரும்பைத் தேய்த்தெடுத்து, மேலே வெள்ளிப் பெயின்றும் அடித்திருக்கிறார்கள். எட்டுப்பட்டையாக இருந்த அடிக்குழல் விளிம்பிழந்து உருண்டுவிட்டது. செய்தவர் முத்திரையில் எஞ்சியிருப்பது ஒரு கீறல் மட்டுமே.

பட்டறையில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்துள்ள சிறு மூடி, வைத்து வெடிக்கும் இடியனில், கேப் செருகும் முளையைச் சுற்றியே குழி ஆழமாக விழும். பழைய கேப் மருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் உப்பாகி இரும்பில் படிய, கருமருந்தின் கசடும் காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. வேட்டை முடிந்து வந்து தேங்காயெண்ணெய் தடவிச் சாத்தியவர்களின் துவக்குகள் அரிபட, கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்தியவர்களின் துவக்குகள் தப்பியது இதனால்தான். குழிக்குள் உப்பு இருக்கும்வரை, மாரி பிறந்ததும் அந்த வெள்ளிப் பூச்சுக்கு அடியிலிருந்தே துரு கிளம்பும்.

முதலில், குழலுக்குள் மருந்து கெட்டித்தபடி கிடக்கிறதா என்று கோல் விட்டு ஆழம் பார்க்க வேண்டும். அப்படி மறந்துபோன துவக்குகள் உண்டு, அவற்றில் கைவைக்காமல் உரியவர்களுக்கு அறிவிப்பதே முறை. வெறுங்குழல் என்று உறுதியானபின் மரத்தைக் கழற்றி, இரும்பைவிட மென்மையான செப்புத் தகட்டின் விளிம்பால் சிவந்த தூளை மட்டும் சுரண்டி, வடித்த நீரில் பலமுறை கொதிக்கவைத்து உப்பை இறக்கி, நன்றாக உலர்த்த வேண்டும். அதன்மேல் தனிக் அமிலக் (tannic acid) கரைசல் பூசினால் எஞ்சிய துரு கருநீலமாக இறுகும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்து மையாகிறதே, அதே வேலைதான். கடைசியாக மெழுகை மெல்லப் பூசினால் போதும். குழி அப்படியே இருக்கும், இருக்கட்டும்.

1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த கதையை, அவன் பின்னர் தோற்ற இடத்தைக் குறிக்கும் கற்சிலைமடுக் கல்லைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், கையில் மிஞ்சியிருக்கும் பழைய இரும்பையாவது அராவாமல் வைத்திருக்க வேண்டாமா? அதே காட்சிக்கூடத்தின் மூலையில் துருப்பிடித்த இரண்டு குழல்கள் சாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. பொறுப்பானவர்கள் அவற்றைப் பட்டறைக்கு அனுப்புமுன், தொல்பொருள் காப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற இரும்புத் தொழிலாளி,
ஒட்டுசுட்டான்