மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு பழைய மருந்தாளுநர் எழுதுவது

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. டாக்டர் சொன்னதில் நோயாளிக்கு எவ்வளவு புரிந்தது என்பது முதலில் அவனுக்குத்தான் தெரியும். "இது எதுக்கு சார்?" என்ற கேள்வி உள்ளே டாக்டரிடம் வராது, வெளியே என்னிடம்தான் வரும்.

உங்களில் பலர் இப்போதே மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்திருப்பீர்கள். இதயம், எலும்பு, ஸ்கேன் என்று ஆளுக்கொரு கனவு இருக்கும். தப்பே இல்லை. 'வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?' என்ற கேள்வி பெண் பார்க்கப் போகிற வீடு வரைக்கும் துரத்தும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், அதற்குள் ஒரு டாக்டரைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அவர் பெயர் ஜூலியன் டியூடர் ஹார்ட். 1927-இல் லண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். ரிச்சர்ட் டால், ஆர்ச்சி காக்ரேன் போன்ற ஆய்வு ஜாம்பவான்களிடம் வேலை பார்த்தவர். நினைத்திருந்தால் ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் பேராசிரியராகி இருக்கலாம். அவரோ 1960-களின் தொடக்கத்தில் வேல்ஸில் கிளின்கோரூக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குக் குடும்ப மருத்துவராகப் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். 1970-இல் அந்த ஊர்ச் சுரங்கத்தை மூடிய பிறகும் போகவில்லை.

1971-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. நல்ல மருத்துவம் எந்த மக்களுக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது, மருத்துவத்தைச் சந்தையிடம் விட விட இந்தக் கோளாறு இன்னும் மோசமாகும் என்றார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர். இது நமக்குப் புரிய லான்செட் வேண்டியதில்லை. பிரசவ வலி கண்டவளைத் தொட்டில் கட்டி மலையிலிருந்து தூக்கி வந்தவர்கள் பென்னாகரம் பக்கம் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே போதும்.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்தக் கட்டுரையைவிட அவர் செய்த வேலை. ஊரில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். தலைவலி, மயக்கம் என்று வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, வராதவர்களுக்கும். ஏனென்றால், பிரஷர் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் வைத்தியம் நடக்கும், அதிலும் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாதிக் கணக்கை அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, பக்கத்து ஊரைவிட அவருடைய ஊரில் அகால மரணங்கள் குறைந்திருந்தன.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றி அவர் எழுதியதை மட்டும் நான் பலமுறை படித்திருக்கிறேன். பிரஷர், பருத்த உடம்பு, புகை என்று எல்லாம் சேர்ந்த மனிதர். கால் நூற்றாண்டில் 310 தடவை பார்த்திருக்கிறார், மொத்தம் சுமார் 41 மணி நேரம். எதிரெதிரே உட்கார்ந்து தொடங்கியது, போகப் போகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வதாக மாறியதாம். அந்த மனிதருக்குப் பக்கவாதம் வரவில்லை, மாரடைப்பு வரவில்லை, சிறுநீரகம் கெடவில்லை. நடக்காமல் போன இந்த விஷயங்கள்தான் தன் தொழிலில் தனக்கு மிகப் பெரிய நிறைவு என்றார். நடக்காமல் போனதற்கு யார் மாலை போடுவார்கள், சொல்லுங்கள்!

என் ஜன்னலிலிருந்து பார்த்ததையும் சொல்கிறேன். ஒரு நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு டாக்டர் மாறிக்கொண்டே இருந்தார். நோயாளியின் முகம் பழகுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். அப்புறம் ஒரு டாக்டர் அம்மா வந்தார், ஆறு வருடம் இருந்தார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பவர்கள். சனிக்கிழமை ராத்திரி வருவார்கள், திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விடுவார்கள். பிரஷர் மாத்திரை வாங்க எந்த நாளில் வருவார்கள்? முன்னால் இருந்தவர்கள் ஓ.பி. சீட்டில் 'ஒழுங்காக வருவதில்லை' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள். அந்த அம்மா கேட்டது, "எந்த பஸ்ல போறீங்க?" அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்கு பஸ் நிற்கும் டீக்கடை பெஞ்சில் பிரஷர் பார்க்கும் கருவியோடு அவர், மாத்திரைப் பெட்டியோடு தூக்கக் கலக்கத்தில் நான். நிஜத்தைச் சொன்னால், முதல் நாள் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். டியூடர் ஹார்ட் பெயர் அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

முட்டிவலி என்று வருகிறவர்களை வெறும் வலி மாத்திரையோடு அனுப்பாமல், "எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டதும் அந்த டாக்டர் அம்மாதான். தருமபுரி மண்ணிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஃப்ளூரைடு உப்பு என்ன செய்யும் என்பது உங்கள் பாடத்தில் இருக்கும். கறை படிந்த பல், நிமிராத முதுகு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் எந்தத் தெருவில் குழாய் வறண்டு, ஜனங்கள் மறுபடி போர்வெல் தண்ணீருக்குப் போய்விட்டார்கள் என்பது அந்தத் தெருவை அறிந்த மருத்துவருக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்க முடியுமா என்று சந்தேகம் வந்தால் தூரமாகப் போக வேண்டாம். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1990-களில் ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கி, அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்குப் போகிறது, சரி. அந்த வீட்டைத் தெரிந்த டாக்டர் யார்?

அதனால் என் வேண்டுகோள் சின்னதுதான். சில குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நலத்தைக் கவனிப்பது உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் குடும்பங்களைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் மறந்துவிடாதீர்கள். ஹவுஸ் சர்ஜன் முடிகிற வரைக்கும், அதே வீடுகளுக்கு, அதே ஆட்களிடம் போங்கள். வீட்டில் இல்லாதவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று கேளுங்கள். களி போட்டால் சாப்பிடுங்கள். அப்புறம் இதயமோ ஸ்கேனோ, உங்கள் இஷ்டம்.

டியூடர் ஹார்ட் இறந்தது 2018 ஜூலை 1 அன்று. நம் நாட்டில் அது மருத்துவர் தினம். அடுத்த ஜூலை 1-ஆம் தேதி உங்கள் கல்லூரியில் கேக் வெட்டுவார்கள். வெட்டி முடிந்ததும் யாராவது இரண்டு பேர் பென்னாகரம் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, டீக்கடை பெஞ்ச் எந்தப் பக்கம் என்று நான் காட்டுகிறேன். கருவியை நீங்கள் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு மருந்தாளுநர்