லோபெட் ஏற்றுக்கூலிக்குள் ஒளிந்திருக்கும் அனுமதிச் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக வெட்டுக் காலம் நெருங்கும்போது பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து நெல் வெட்டும் இயந்திரங்கள் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் லொறிகளில் வந்து சேர்வதையும், வெட்டு முடிந்ததும் திரும்பிப் போவதையும் தங்கள் வாசகர்கள் வருடந்தோறும் கண்டிருப்பார்கள். சிறிய இயந்திரங்கள் சாதாரண லொறியிலேயே அடங்கிவிடும். பெரியவற்றையும், குளக்கட்டுத் திருத்த மண் அள்ளும் பெக்கோக்களையும் ஏற்றுவதற்கு லோபெட் எனப்படும் தாழ்ந்த தளமுள்ள பார லொறி வேண்டும். ஏற்றிய பொருள் லொறியின் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஒரேயொரு லோபெட்டை வைத்துப் பதினெட்டு வருடங்களாக இத்தொழிலைச் செய்துவருகின்ற நான், அந்த அனுமதிக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பது எழுத்தில் இல்லாமற் போவதால் வரும் இழப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இயந்திர உரிமையாளர் தரகரிடம் பேசுவார். தரகர் எங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஒரே தொகையாகச் சொல்வார். அந்த “எல்லாம்” என்ற சொல்லுக்குள் டீசல், சாரதியின் கூலி, தரகு, அனுமதிப்பத்திரம், முன்னே செல்லும் வழிகாட்டி வாகனம், தாழ்ந்து தொங்கும் கம்பிகளைக் கவனிக்க ஓர் ஆள், வழியில் காத்துக்கிடக்கும் நாள் ஆகிய அத்தனையும் அடங்குமா என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் ஹயர், அதாவது அந்த வாடகை ஓட்டம், அடுத்த லொறிக்குப் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

கடந்த பெரும்போகத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு ஒரு வெட்டு இயந்திரத்தைக் கொண்டுவர 65,000 ரூபாவுக்குப் பேசினோம். பெர்மிட் தன் பொறுப்பு என்று தரகர் சொன்னார். ஏற்றுமிடத்தில் என் சாரதியின் கையில் கிடைத்ததோ ஒரு நிழற்பிரதி. அதில் இருந்த வாகன இலக்கம் என் லொறியினுடையதல்ல. அகலம் இயந்திரத்தின் உடம்புக்கு மட்டும் அளந்தது, முன்னால் நிற்கும் வெட்டுத்தட்டு கணக்கிலேயே இல்லை. சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த அந்தத் தாளைச் சாரதியால் வாசிக்க முடியவில்லை. வழியில் பொலிஸார் மறித்தபோது தரகரின் தொலைபேசி அணைந்திருந்தது. ஒன்றரை நாள் லொறி தெருவோரத்தில் நின்றது. தண்டப்பணத்தை நான் கட்டினேன். வயற்காரரோ மழைக்கு முன் வெட்ட முடியாமற் போனதற்கு என்னையே ஏசினார். கணக்குப் பார்த்தபோது அந்த ஹயரில் மிஞ்சியது டயர் தேய்ந்ததுதான்.

அந்தத் தரகரைக் கள்வன் என்று சொல்ல நான் வரவில்லை. திரும்பும் வழியில் வெறும் லொறியாக வராமல் ஒரு பாரத்தைப் பிடித்துத் தருபவரும் அவரேதான். ஆனால் இயந்திரத்தின் அளவு இயந்திரக்காரருக்கும், அச்சுகளின் எண்ணிக்கையும் தாங்கும் எடையும் லொறிக்காரருக்கும் தெரியும். இரண்டையும் காணாத இடையிலுள்ள ஒருவர் தொலைபேசியில் கேட்டதை வைத்து விண்ணப்பம் நிரப்பினால் பிழை வராமல் எப்படி இருக்கும்?

பாதையையும் பாருங்கள். பொலன்னறுவையிலிருந்து கரடியனாற்றுக்கு வர மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை வழியே ஏ11 வீதியில் வந்து, நாவலடிச் சந்தியில் ஏ15 வீதியில் ஏறி, ஓட்டமாவடிப் பாலம் கடந்து, செங்கலடியில் பதுளை வீதியாகிய ஏ5 வீதிக்குத் திரும்ப வேண்டும். இவை மூன்றும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. அதற்கப்பால் வயலுக்கு இறங்கும் வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ, பிரதேச சபைக்கோ, வாய்க்காலோரமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கலாம். குறுக்கே போகும் கம்பியோ மின்சாரம் வழங்குபவர்களுக்கு உரியது. பிரதான வீதிக்கு மட்டும் எடுத்த ஒரு தாளைக் காட்டி “எல்லாம் சரி” என்று தரகர் சொல்லும்போது, கடைசி மூன்று மைலில் ஒரு பழைய மதகு உடைந்தால் அதற்குப் பதில் சொல்பவர் சாரதிதான்.

ஐக்கிய அமெரிக்காவில் பார லொறி ஓட்டும் என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அங்கு பாரத்தின் அகலம் எட்டரை அடியைத் தாண்டினால், கடந்து செல்லும் ஒவ்வொரு மாநிலத்திடமும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். சரக்குத் தரகர் 75,000 டொலர் பிணை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் பதிவையும் மூன்று வருடங்கள் பேண வேண்டும். லொறிக்காரர் கேட்டால் அதைக் காட்டவும் வேண்டும். அங்குள்ள தரகர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். பதிவேட்டைக் கேட்கமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே கையொப்பம் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்களாம். என்றாலும் கூலி வேறு, அனுமதிச் செலவு வேறு என்று பிரித்துக் கேட்பதை அங்கு யாரும் சண்டித்தனமாக நினைப்பதில்லை என்றார். இங்கு அப்படிக் கேட்டால் “இவர் கரைச்சல் பிடிச்ச ஆள்” என்ற பெயர்தான் கிடைக்கிறது.

லொறிக்காரர்களாகிய எங்களிடமும் குற்றம் இல்லாமலில்லை. இரவில் ஓடினால் எவரும் மறிக்கமாட்டார்கள் என்று அனுமதியே இல்லாமல் ஓடியவர்கள் எங்களுக்குள் உண்டு, நானும் ஓடியிருக்கிறேன். அப்படி ஓடுபவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதால், முறையாகப் பணம் கட்டி ஓடுபவரின் கூலி அதிகமாகத் தெரிகிறது; தரகரும் அந்தக் குறைந்த தொகையையே சந்தை விலையாகப் பேசுகிறார்.

எனவே, ஏற்றும் முன் ஒரு தாளில் கூலியும், அனுமதிக் கட்டணமும், காத்திருப்புக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்பதும் தனித்தனியே எழுதப்பட்டு மூவரும் கையொப்பமிட வேண்டும். அனுமதிக் கட்டணத்தை இயந்திர உரிமையாளர் தன் பெயரில் நேரே கட்டிப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைச் சாரதியிடம் கொடுக்க வேண்டும். தரகு கூலியின் மீது மட்டும் கணக்கிடப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, நாங்களே செய்துகொள்ளலாம். அனுமதி வழங்கும் அலுவலகங்கள் செய்ய வேண்டியது வேறு. எந்த அளவுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் பத்திரம் கிடைக்கும் என்பதைத் தமிழில் வாசலிலேயே எழுதி ஒட்டினால், தெரியாததை விற்றுப் பிழைக்கும் வேலை பாதி குறையும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக வைத்திருக்கையில் இது சலுகையாகக் கேட்கப்படுவதன்று.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இக்கட்டண விபரங்களைக் கேட்டு நான் விண்ணப்பிக்கவிருக்கிறேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கிடைக்கும் பதிலைச் சிறுபோக வெட்டுக்கு முன் தங்கள் பத்திரிகைக்கும் அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
லோபெட் உரிமையாளர் ஒருவர்,
செங்கலடி.