ஆண்டறிக்கை: எலுமிச்சை, கரிப்புள்ளி, அண்ணாச்சி விளக்கு

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் அறிவியல் மன்றக் கூட்டங்கள் பாளையங்கோட்டையில் வழக்கம்போல் நடந்தன. ஆனித் தேரோட்ட மாதத்தில் மட்டும் யாரும் வரவில்லை, அதைக் கூட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சந்தா பாக்கியைப் பொருளாளர் சொல்லுவார்.

இந்த வருஷம் உருப்படியாக நடந்தது கார்பன் புள்ளிக் கூட்டம்தான். புற ஊதா ஒளி பட்டால் மின்னும், 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துணுக்குகள் இவை, 2004இல் அமெரிக்காவில் கார்பன் நானோகுழாய்க் கரியைச் சுத்தம் செய்தபோது தேடாமலே கிடைத்தவை. இப்போது எலுமிச்சைச் சாற்றிலிருந்தே செய்கிறார்கள் என்று படித்ததும் நம் ஆட்களுக்குக் கை பரபரத்தது. புளியங்குடிப் பழம் ஒரு பை வந்தது, சாறெடுத்துக் குக்கரில் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. குக்கருக்குள் 120 டிகிரிதான் வரும். இதற்கு டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலனில் 180 டிகிரி அளவில் மணிக்கணக்காக வேக வேண்டுமாம். அப்புறம் கல்லூரியில் வேதியியல் எடுக்கும் நம் உறுப்பினர் ஒரு சிறு குப்பியில் கொண்டுவந்தார்.

பார்க்க ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கடை அண்ணாச்சி கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை அடித்தால் குப்பி முழுக்க நீலம். ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் மங்கிப்போனது. இரும்பு அயனி புள்ளியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒளிர்வை அணைக்கிறது. உயிருள்ள செல்லுக்குள் புள்ளிகளை அனுப்பி, நுண்ணோக்கியில் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து இரும்பைக் கண்டுபிடிப்பதும் இதே வித்தைதான். இதே மாதிரி ஒளிரும், காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த குவாண்டம் புள்ளிகளைவிட இவற்றில் நச்சு குறைவு, செல்லும் எளிதில் சாகாது.

கைதட்டி முடிப்பதற்குள் விளக்குக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியே, "வேய், கடையில டானிக் வாட்டரும் இதுல நீலமாத்தான் மின்னுது, அதுலயும் புள்ளியா கெடக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதில் மின்னுவது கசப்புக்காகச் சேர்க்கும் குயினைன். சாற்றை வேகவைக்கும்போதும் ஒளிரும் சிறு மூலக்கூறுகள் கூடவே உண்டாகலாம், டயாலிசிஸ் செய்து, அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப்பையில் வைத்து, அவற்றைப் பிரிக்காவிட்டால் மின்னுவது எது என்றே தெரியாது. மங்குவதையும் அப்படியே நம்ப முடியாது, இரும்புக் கரைசலே புற ஊதாவை விழுங்கிவிடும். போதாததற்கு, செல்லில் இயல்பாகவே இருக்கும் என்ஏடிஎச் (NADH) என்ற மூலக்கூறு தானாகவே நீலமாக ஒளிரும். அதனால்தான் சிவப்பில் ஒளிரும் புள்ளிகளுக்கும், இரண்டு நிறங்களின் விகிதத்தை அளக்கும் முறைக்கும் இவ்வளவு கிராக்கி. என்னைக் கேட்டால் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

அந்த விளக்கை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். கல்லாவில் கள்ளநோட்டு விழுவதற்குள் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்