ஏழாவது கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை சேலம் கோட்டை மைதானத்தில் நீங்கள் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை நின்று கேட்டேன். ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே அப்பாவுக்கு மட்டும் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். எங்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். நீங்கள் முதல் தேர்தலில் நின்றபோது உங்கள் துண்டறிக்கைக் கட்டுகள் எங்கள் பட்டறைத் திண்ணையில்தான் அடுக்கிக் கிடந்தன. இன்று மாநகராட்சி மன்றத்தில் எதிர்க்கட்சிக் குழுவுக்குத் தலைவராக இருக்கிறீர்கள். அதில் எங்கள் வீட்டு நான்கு ஓட்டும் சேர்ந்திருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய வாரம் அதே மைதானத்தில் ஆளுங்கட்சிக்காரர்கள் உங்களைப் பேசிய பேச்சையும் கேட்டேன். வயிறு எரிந்தது. உங்கள் மகளின் கல்யாணத்தை மேடைக்கு இழுத்தார்கள். உங்கள் அம்மா இட்லிக்கடை வைத்திருந்ததைச் சொல்லிச் சிரித்தார்கள். அடுப்புப் புகையில் கண் போகும்வரை உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாயைச் சொல்லிச் சிரிக்க அவர்களுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. "அந்த அம்மா கையால் நான் சாப்பிட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அவர்கள் சொன்ன குற்றச்சாட்டுகளைக் கூலிச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். மொத்தம் ஏழு. நீங்கள் பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கல்யாணம், இட்லிக்கடை, கட்சி மாறியது, வீட்டுமனை, மருமகனின் குத்தகை, கல்லூரிச் சான்றிதழ். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினீர்கள். கைதட்டல் விண்ணைப் பிளந்தது, நானும் தட்டினேன். கூட்டம் கலைந்தபோது சீட்டில் ஒரு வரி அடிபடாமல் நின்றது.

"இத்தனை வருடம் பதவியில் இருந்தீர்களே, திருமணிமுத்தாற்றை என்ன செய்தீர்கள்?"

அண்ணா, அந்த ஏழில் ஆறு உங்களைப் பற்றியவை. ஏழாவது எங்களைப் பற்றியது. அதைத்தான் விட்டுவிட்டீர்கள்.

மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க மனம் வரவில்லை. அந்தக் கேள்வி உண்மையானது என்பதால் தாண்டிப் போனீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கேட்டவர்களுக்கு அதைக் கேட்கும் யோக்கியதை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்று அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது, ஆறும் அப்படியே கிடக்கிறது. ஆனால், கேட்பவன் யோக்கியன் இல்லை என்பதால் கேள்வி பொய்யாகிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை அழைத்துக்கொண்டு ஆனந்தா பாலத்துக்குப் போனேன். பூக்கடைகளின் பக்கத்தில் மல்லிகை மணம். நான்கு அடி நகர்ந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே தண்ணீர் மைக்கறுப்பாக ஓடியது. கரையோரம் சிக்கியிருந்த ஒரு பழைய சாக்கின்மேல் சோப்பு நுரை போல் வெள்ளை நுரை குவிந்து, காற்றில் துண்டு துண்டாகப் பிய்ந்து போனது. சிறுவனாக இருந்தபோது ஆடிப் பதினெட்டுக்கு இதில் முங்கிக் குளித்ததாக அப்பா சொன்னார். எந்தப் படியில் என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை.

இதே ஆறு சேர்வராயன் மலையில் பிறக்கும்போது இப்படியா இருக்கிறது? ஏற்காட்டு மலைப்பாதையில் மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பாறையில் வழிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கிறோம். அந்த மலைத் தண்ணீர்தான் அடிவாரம் இறங்கி ஊருக்குள் நுழைந்ததும், வீட்டுச் சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து நிறம் மாறிப்போகிறது. பிறகு நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் கலக்கிறது. வழியில் இருக்கிற கிணறுகளையும் வயல்களையும் நினைத்துப் பாருங்கள். நாம் கழுவி விட்டதை அவர்கள் பாய்ச்சுகிறார்கள்.

எங்கள் பட்டறையை இதிலிருந்து விலக்கிவிட்டுப் பேசினால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை. பற்றவைத்த கொலுசின் கறுப்பை எடுக்க அமிலத் தண்ணீரில் போட்டு எடுப்போம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துத்தான் மெருகு வரும். அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? வாசல் சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகிறது என்று இருபது வருடங்களாக நானும் கேட்டதில்லை. சின்னப் பட்டறைக்காரன் தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட முடியாது. பத்துப் பதினைந்து பட்டறைக்குப் பொதுவாக ஒன்று கட்டிக்கொடுத்தால் மாதக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இதை யாரிடம் சொல்வது? எங்களுக்காகக் கேள்வி கேட்க அனுப்பிய ஆள் நீங்கள்.

சென்ற மாத மன்றக் கூட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்களை ஒருமையில் பேசினார்கள் என்று வெளிநடப்புச் செய்தீர்கள். கோபம் நியாயமானது. நீங்கள் படியிறங்கி வாசலில் பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே மீதித் தீர்மானங்கள் அத்தனையும் வாசித்த வேகத்தில் நிறைவேறின. அவற்றில் வடிகால் பணி ஒன்றும் இருந்தது. மறுக்க ஆளில்லை, விளக்கம் கேட்க ஆளில்லை. அவர்கள் உங்களைத் திட்டியதே அதற்காகத்தானோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் நம் ஊரில் வசவை மட்டுமா வாங்கினார்கள்? 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். தாத்தா சொல்லி அப்பாவுக்கு அந்த நாள் தெரியும். அப்பா சொல்லி எனக்குத் தெரியும். இரண்டே வருடத்தில், 1952 தேர்தலில், அந்தக் கட்சி சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 62 இடங்களைப் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. எதிரே முதலமைச்சராக ராஜாஜி. 1917-ல் நம் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த அதே ராஜாஜி. கம்யூனிஸ்டுகளே தனக்கு முதல் எதிரி என்று அவையிலேயே அறிவித்தார். அவர்கள் எழுந்து போய்விடவில்லை. 1953-ல் அவர் கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு அவைக்கு உள்ளேயும் வெளியேயும் பல தரப்பிலிருந்து எதிர்ப்பு வலுத்தது. 1954-ல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தையே கைவிட்டார். தன்னை எதிரி என்று சொன்னதற்கு ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச நேரம் எங்கே இருந்திருக்கும்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1957-ல் தி.மு.க. 15 பேரோடு சட்டமன்றத்துக்குள் போனது. 1962-ல் அந்த 15 பேரையும் வீழ்த்திவிட ஆளுங்கட்சி முழு மூச்சாக இறங்கியது. அதன் தலைவர் அறிஞர் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 50. எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை, அண்ணா. தலைவரைத் தாக்கினால் ஜனங்கள் விலகிவிடுவார்கள் என்ற கணக்கு இந்த மண்ணில் எத்தனையோ முறை தப்பியிருக்கிறது. உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசியவர்களுக்குப் பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அந்த இட்லியைச் சாப்பிட்டவர்கள் செவ்வாய்ப்பேட்டையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "ஆம், எங்கள் காலத்திலும் ஆற்றைச் சுத்தம் செய்யவில்லை. இன்ன காரணத்தால் முடியவில்லை" என்று அவைக் குறிப்பில் ஏறும்படி சொல்லுங்கள். நிதி வரவில்லையா, ஒப்பந்ததாரர் ஓடிவிட்டாரா, நீங்களே அக்கறை காட்டவில்லையா, எதுவானாலும் சரி. சொன்னால் ஓட்டுப் போய்விடும் என்று உங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் பயமுறுத்துவார்கள். எங்கள் வீட்டு நான்கு ஓட்டும் போகாது. சொல்லி முடித்த கையோடு கேளுங்கள்: எந்தெந்தச் சாக்கடை எந்தெந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது? அவற்றில் எத்தனை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்பட்டிருக்கின்றன? சாயப் பட்டறைகளைக் கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதியில்? வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; மனுவை நானே எழுதித் தருகிறேன்.

குறுக்கே யாராவது இட்லிக்கடை என்று கத்துவார்கள். அப்போது எழுந்து போகாதீர்கள், அண்ணா. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த கேள்வியை வாசியுங்கள்.

அந்தக் கூலிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அன்று பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசைக்கு வருகிறோம். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து உங்கள் வாக்காளர்