கடிதத்தைப் பறிகொடுத்தவள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரைதான். ஆயினும், இடைக்கால வீரக் காதைகளில் பெண்கள் வாயில்லாப் பூச்சிகளாகவே இருந்தார்கள், பிற்கால மறுஆக்கங்களே அவர்களைப் பேச வைத்தன என்ற அதன் மைய வாதத்தை, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திய என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. ஆர்தரின் சகோதரியும் மந்திரக்காரியுமான மார்கனைப் பொறுத்தவரை கட்டுரையாளர் சொல்வதில் உண்மை உண்டு. அஸ்டலாட் என்னும் ஊரைச் சேர்ந்த எலெய்ன் என்ற பெண்ணின் விஷயத்தில் நடந்ததோ நேர்மாறானது.

ஆர்தர் கதைகளைத் தொகுத்துத் தாமஸ் மாலரி எழுதி, அச்சாளர் காக்ஸ்டன் 1485இல் வெளியிட்ட நூலில் வரும் எலெய்ன் கோபுரத்தில் அடைந்து கிடப்பவள் அல்லள். தன் சிவப்புச் சட்டைக்கையை அடையாளமாக அணிந்துகொண்டு போட்டியில் பொருதுமாறு, ஆர்தரின் தலைசிறந்த வீரன் லான்சலட்டிடம் அவளே கேட்கிறாள். அவன் காயமுற்றான் என்று அறிந்ததும் தந்தையிடம் சொல்லிக்கொண்டு குதிரையேறிப் போய்த் தேடிக் கண்டுபிடித்து, ஒரு துறவியின் குடிலில் இரவும் பகலும் அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அவன் உடல்நலம் தேறிப் புறப்படும்போது, என்னை மணந்துகொள், இல்லையேல் காதலியாகவேனும் ஏற்றுக்கொள் என்று நேருக்கு நேர் கேட்கிறாள். வேறொரு வீரனை மணந்தால் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் தருவதாக அவன் சொல்ல, அதில் எதுவும் எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் அவள் அண்ணன் லவெய்ன் தந்தையிடம் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். லான்சலட்டைக் கண்ட நாள் முதல் என்னாலும் அவரை விட்டுப் பிரிய இயலவில்லை, அவளும் என்னைப் போலத்தான் இருக்கிறாள் என்கிறான் அவன். ஒரே வீட்டில் ஒரே மனிதன்மீது இருவருக்குப் பற்று: அண்ணன் அவன் பின்னாலேயே குதிரையில் போய்விடலாம், தங்கைக்கோ அப்படிப் போக வழியில்லை. ஆண், பெண் என்ற வேறுபாடு அந்தச் சமூகத்தில் எப்படி வேலை செய்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடத்தை நான் அந்த நூலில் கண்டதில்லை. இத்தனைக்கும் இதை எழுதிய மாலரி, பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதுபோல நியூபோல்டு ரெவல் ஊர்க்காரர்தான் என்றால், 1450களில் வன்புணர்வுக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். எழுதியவரைக் கொண்டு எழுத்தை அளப்பது எளிதன்று.

காதல் கைகூடாமல் எலெய்ன் சாகும் தறுவாயில் இருக்கையில், அந்த நினைப்பை விட்டுவிடு என்று பாதிரியார் சொல்கிறார். எதற்காக விட வேண்டும், நான் மண்ணில் பிறந்த பெண் இல்லையா, உடம்பில் மூச்சு உள்ளவரை புலம்புவேன் என்கிறாள். பிறகு தான் சொல்லச் சொல்ல அண்ணன் ஒருவனைக் கடிதம் எழுத வைக்கிறாள். உயிர் பிரிந்ததும் கடிதத்தைத் தன் வலக்கையில் வைத்துக் கட்டி, கறுப்புத் துணி போர்த்திய படகில் தன்னைக் கிடத்தித் தேம்ஸ் நதியில் வெஸ்ட்மின்ஸ்டருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் போட்ட ஏற்பாடு. ஆர்தரின் அரசவையில் உரக்கப் படிக்கப்படும் அந்தக் கடிதம் லான்சலட்டை விளித்தாலும், 'ஆகவே பெண்மக்கள் அனைவரிடமும் முறையிடுகிறேன்' என்று அவையைக் கடந்து பேசுகிறது. அவள் கேட்டபடியே மறுநாள் அடக்கம் நடக்கிறது; ஆன்ம சாந்திப் பூசைக்குரிய காணிக்கையையும் லான்சலட்டே செலுத்துகிறான்.

இனி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் டென்னிசனுக்கு வருவோம். கோபுரத்தில் அடைந்து கிடந்து, பின் படகில் மிதந்து உயிர்விடும் பெண்ணைப் பாடும் அவருடைய 'ஷாலட் சீமாட்டி' கவிதை நேரடியாக மாலரியிலிருந்து வந்ததன்று, ஓர் இத்தாலியக் கதையை ஒட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படகில் மிதந்து வரும் அந்தப் பெண்ணை இன்று உலகம் அறிந்திருப்பது அவர் வழியாகத்தான். 1832இல் வெளியான முதல் வடிவத்தில் அவள் மார்பின்மீது ஒரு தோல்சுருள் கிடக்கிறது. அஞ்சாமல் அருகே வாருங்கள், இது நான், ஷாலட் சீமாட்டி என்று அதில் எழுதியிருக்கிறது. 1842இல் கவிதையைத் திருத்தியபோது டென்னிசன் அந்தச் சுருளையே எடுத்துவிட்டார். படகின் முனையில் அவள் எழுதிய பெயர் மட்டும் மிஞ்சியது. சுருள் இருந்த இடத்தில் லான்சலட் வந்து நின்று, சிறிது யோசித்து, இவளுக்கு அழகான முகம் என்கிறான், கடவுள் இவளுக்கு அருள்புரியட்டும் என்கிறான், கவிதை முடிகிறது. ஓசை நயத்தில் திருத்திய வடிவமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நயத்துக்காகப் பலியானது அவள் வாக்கு. டென்னிசனே 1859இல் எலெய்ன் கதையை மறுபடி எடுத்து எழுதியபோது கடிதத்தைத் திரும்ப அவள் கையில் கொடுத்தார். ஆனால் ஓவியர்களும் பாடநூல்களும் பற்றிக்கொண்டது 1842ஆம் ஆண்டுப் பாடத்தைத்தான்.

நானும் அதைத்தான் ஆண்டுதோறும் நடத்தினேன். ஒருமுறை கடைசி வரிகளை முடித்துப் புத்தகத்தை மூடும்போது, பின்வரிசை மாணவி ஒருத்தி, "செத்த பிறகும் முகத்தைத்தான் பார்த்தானா, மேடம்?" என்று கேட்டாள். முதல் வடிவத்தை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இடம் இருந்தால், 1832, 1842 ஆகிய இரு வடிவங்களின் கடைசிப் பத்தியையும் எலெய்னின் கடிதத்தையும் தமிழாக்கி அடுத்தடுத்து வெளியிட வேண்டுகிறேன். ஒரு பக்கத்துக்குமேல் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்