காலடியில் அடிக்கும் வெளிச்சம்

ஹூஸ்டன், டெக்சாஸ்
2024 நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, கயல், இனியன் எல்லோரும் நலம். அங்கு நீங்கள், அம்மா, தம்பி வீட்டார் நலமறிய ஆவல். மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனதில் நமக்குக் குறுவை இல்லாமலே போய்விட்டது என்று தம்பி சொன்னான். சம்பாவாவது நன்றாகத் தூர் கட்டியிருக்கிறதா? மழைத் தண்ணீர் வயலில் தேங்காமல் வடிகிறதா?

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "வீட்டுல துப்பாக்கி வாங்கி வச்சிருக்கீங்களாமே, நெசமாம்மா?" என்றீர்கள். ஆமாம்ப்பா என்றேன், உடனே பேச்சை மாற்றிவிட்டேன். பக்கத்தில் அம்மா இருப்பது தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே கவலைப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை படிப்பீர்கள், மறுபடியும் ஒருமுறை படிப்பீர்கள்.

பெரியப்பா அந்த ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க எத்தனை நடை நடந்தார்! தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, கொடுத்த ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டுவார். இங்கே அந்த அலைச்சல் இல்லை. வேலை விசாவில் இருந்தவரை எங்களால் வாங்க முடியாது, பொதுவாகச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு வந்தபிறகு போன வருஷக் கடைசியில் ஒரு கடைக்குப் போனோம். 4473 என்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தோம். எங்கள் மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று எஃப்.பி.ஐ. வழியாகச் சரிபார்த்தார்கள். அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். க்ளாக் 19 என்று ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி. அந்த ரகம் நம் நாட்டில் பொதுமக்களுக்குக் கிடையாது. அவ்வளவு லேசாக வந்து சேர்ந்ததே எனக்கு அப்போது பயமாக இருந்தது.

ஏன் வாங்கினோம் என்று கேட்பீர்கள். இங்கே இரவு நம் ஊர் இரவு மாதிரி இல்லை அப்பா. நம் தெருவில் நடுச்சாமத்தில் நாய் குரைத்தால் நாலு திண்ணையிலிருந்து நாலு குரல் வரும். எங்கள் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. தெருவிளக்கு கிடையாது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் கேட்காது. உங்கள் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி லேபில் வாரத்தில் நாலு ராத்திரி டியூட்டி. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், ஆள் உள்ளே இருக்கும்போதே கதவை உடைத்துப் புகுந்தார்கள். 911-க்கு போன் செய்தால் போலீஸ் வரும். வரும்வரை பிள்ளைகளோடு இருப்பது நான் ஒருத்திதான்.

இனி சொல்லப்போவதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் வந்ததே, அன்றைக்கு இந்தப் பக்கத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்களுக்கு ஆறு நாள் வரவில்லை. கஜா அடித்தபிறகு நீங்கள் எல்லோரும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தீர்களே, அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இவர் டியூட்டியில். புழுக்கம் தாங்காமல் சன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. கொல்லைப்பக்க வேலிக் கதவு திறக்கும் சத்தம். யாரோ நடக்கிறார்கள். நான் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டேன். வலது கையில் துப்பாக்கி, இடது கையில் போன். அந்தப் போன் லைட் கம்பிவலைக் கதவில் பட்டு என் கண்ணிலேயே திரும்பி அடித்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. யாரது என்று கத்தினேன். "நாய் ஓடிவந்துவிட்டது, தேடுகிறேன்" என்று அழாக்குறையாக ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பையன். நம் இனியனை விட இரண்டு வயது பெரியவன். விசையில் என் விரல் இல்லை. அதுவரைக்கும் கடவுள் காப்பாற்றினார். அன்றைக்கு நான் தூங்கவில்லை.

மறுவாரமே இவரிடம் சொன்னேன்: ஒன்று இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எதிரே நிற்பது யாரென்று பார்க்க வெளிச்சம் வேண்டும். அப்படித்தான் இந்த லைட், லேசர் சமாச்சாரத்துக்குள் இறங்கினேன்.

துப்பாக்கிக் குழலுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். ரெயில் என்பார்கள். அதில் மாட்டுகிற விளக்குகளைத்தான் கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். பெட்டிக்குப் பெட்டி இரண்டு எண். லூமன் என்று ஒன்று, கேண்டலா என்று ஒன்று. உங்களுக்கு இதை ஒரு நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம். லூமன் பெட்ரோமாக்ஸ் மாதிரி, மொத்தம் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும். கேண்டலா உங்கள் அஞ்சு கட்டை பேட்டரி லைட் மாதிரி, அந்த வெளிச்சம் எவ்வளவு குவிந்து தூரம் போகிறது என்று சொல்லும். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 ஹெச்எல், ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ரா இரண்டுக்கும் 1,000 லூமன்தான். ஆனால் முதலாவதுக்கு 20,000 கேண்டலா, இரண்டாவதுக்கு 11,300. லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.

நான் வாங்கியது இரண்டும் இல்லை. டிஎல்ஆர்-7ஏ என்று சின்னது. 500 லூமன், 5,000 கேண்டலா, எடை 70 கிராமுக்குள். பெரியதைத்தான் எடு, பலம் அதிகம் என்று இவரும் கடைக்காரரும் சொன்னார்கள். என் கணக்கு வேறு. எங்கள் கொல்லைக் கதவிலிருந்து வேலிவரை 15 மீட்டர்தான். வீட்டுக்குள்ளே வெள்ளைச் சுவர், அதில் அளவுக்கு மீறி வெளிச்சம் அடித்தால் நம் கண்ணே கூசும். மார்கழிப் பனியில் பெரிய லைட்டை அடித்தால் எதிரே வெள்ளையாய்த் திரைதானே தெரியும், அந்த மாதிரி. எல்லாவற்றையும் விட முக்கியம், சுவிட்ச். என் கை சின்னது. பெரிய விளக்கின் சுவிட்சை எட்ட நான் பிடியையே மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் சின்ன விளக்கில் இடது கட்டைவிரல் தானாகவே சுவிட்சில் போய் உட்கார்கிறது.

சுவிட்ச் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிடியை இறுக்கினால் எரிகிற மாதிரியும் ஒரு வகை இருக்கிறது, நடுவிரலால் அழுத்த வேண்டும். பதற்றத்தில் ஒரு விரலை அழுத்தும்போது பக்கத்து விரலும் சேர்ந்து மடங்கும். விளக்கைப் போடப் போய் விசையை அழுத்திய விபத்துகள் இங்கே போலீஸ்காரர்களுக்கே நேர்ந்திருக்கின்றன. எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மா ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. துப்பாக்கி பிடித்த கையின் எந்த விரலுக்கும் விளக்கு வேலை கொடுக்கவே கூடாது, இடது கட்டைவிரல் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிஷம் அதை மட்டும் பழகினேன்.

லேசர்தான் வீட்டில் பெரிய விவாதம். லேசர் என்றால் உங்களுக்கு நிலம் சமன்செய்யும் டிராக்டர் ஞாபகம் வரும். இதுவும் அந்தக் கதிர்தான், சின்னதாக. சுடப்போகிற இடத்தில் ஒரு புள்ளி விழும். சிவப்பு, பச்சை இரண்டு நிறத்தில் கிடைக்கிறது. மனிதக் கண்ணுக்குப் பச்சை நன்றாகத் தெரியும் என்பதால் பகலில் பச்சைதான் உபயோகம். இவருக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டது. குழல் நுனியில் இருக்கும் குறி மங்கலாகத் தெரிகிறது, லேசர் இருந்தால் கண்ணாடியைத் தேட வேண்டாம் என்றார். அது நியாயமான காரணம். கையில் அடிபட்டுத் துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குத் தூக்க முடியாதவர்களுக்கும் அது உதவும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயலில் அந்த லேசர் ஏன் சரியாக வேலை செய்கிறது? முக்காலியில் அசையாமல் நிற்கிறது. பயந்த கையில் அது நிற்காது. பயிற்சிக் கூடத்தில் லேசர் வைத்ததை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். புள்ளி ஆடிக்கொண்டே இருந்தது, அது நிற்கட்டும் என்று என் கண் அதையே துரத்தியது. எதிரே இருந்த அட்டையை நான் பார்க்கவே இல்லை. அது போதாதென்று, லேசர் குழலுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது. தோட்டா போகும் வழியும் புள்ளியும் நாம் சரிசெய்து வைத்த ஒரு தூரத்தில்தான் ஒன்று சேரும். கிட்டத்திலும் எட்டத்திலும் கொஞ்சம் விலகும். கடையில் விற்பது 5 மில்லிவாட்டுக்குள்தான் என்றாலும் நேரே கண்ணில் பட்டால் கெடுதல், பிள்ளைகள் இருக்கும் வீடு. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கே சுடுவது என்று அந்தப் புள்ளி சொல்லும். யாரென்று சொல்லாது. அன்றைக்கு ராத்திரி என்னிடம் அது இருந்திருந்தால் அந்தப் பையன் சட்டையில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்திருக்கும், அவன் முகம் எனக்குத் தெரிந்திருக்காது. இதைச் சொன்னதும் இவர் மறுபேச்சு பேசவில்லை. அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டார்.

அப்புறம் ஒன்று. துப்பாக்கியில் மாட்டிய லைட்டைப் பேட்டரி லைட்டாக நினைக்கவே கூடாது. அதை எங்கே திருப்பினாலும் குழலும் அங்கேதான் திரும்பும். அதனால் கையில் பிடிக்கிற தனி டார்ச் ஒன்றும் வாங்கினேன். சத்தம் கேட்டால் முதலில் எடுப்பது அதுதான். துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், குழலை ஆள் மேல் நீட்டாமல் அவர் நிற்கும் இடத்துக்கு முன்னால் தரையில் வெளிச்சத்தை அடிக்க வேண்டும், தரையிலிருந்து எழும்புகிற வெளிச்சத்திலேயே முகமும் கையும் தெரியும் என்று பயிற்சி கொடுத்த அந்தப் போலீஸ் அம்மா சொல்லிக்கொடுத்தார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் செய்து காட்டினார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது அப்பா. முறைத்தண்ணீர் பாய்ச்ச ஒரு ராத்திரி என்னையும் கூட்டிப்போனீர்கள், எனக்குப் பதினொரு வயது. பாமணி வாய்க்கால் மடையில் யாரோ குனிந்து நின்றார். நான் லைட்டை முகத்துக்கு நேரே தூக்கினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினீர்கள். "மூஞ்சியில அடிச்சா அவனுக்கும் கண்ணு தெரியாது, அவன் கையில என்ன இருக்குன்னு நமக்கும் தெரியாது. கால்ல அடி" என்றீர்கள். தண்ணீரில் பட்டு எழும்பிய வெளிச்சத்தில் கீழத்தெரு மாமா முகம் தெரிந்தது, கையில் மண்வெட்டி தெரிந்தது. இரண்டு பேரும் பேசி மடையைப் பிரித்துக்கொண்டீர்கள்.

பிள்ளைகளைப் பற்றித்தான் உங்களுக்குப் பெரிய கவலை இருக்கும். துப்பாக்கி எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது, பெட்டி சுவர்க்கட்டையோடு திருகாணி போட்டு இறுக்கியது. எண் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எடுக்கும்படி தோட்டா போட்டதை விட்டுவைத்தால் டெக்சாஸ் சட்டத்திலேயே குற்றம். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, உள்சுவர் எல்லாம் மெல்லிய பலகை. தோட்டா துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் பிள்ளைகள் அறை இருக்கும் திசையில் குழல் திரும்பவே கூடாது என்று எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது என்பதைப் பகலில் வீடு முழுக்க நடந்து பார்த்து வைத்திருக்கிறோம். லைட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் கை குழலுக்கு முன்னால் போகும். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, குழலுக்குள் தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் தொடுவோம். பேட்டரி நம் ஊர்க் கட்டை இல்லை, சிஆர்123 என்ற லித்தியம் பேட்டரி. தொடர்ந்து எரிந்தால் ஒன்றரை மணி நேரம் வரும். எரிகிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒருமுறை கயல் பிறந்த நாளன்று மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பையன் விஷயத்தை மட்டும் இப்போது வேண்டாம். வருகிற பொங்கலை விட்டு அதற்கடுத்த பொங்கலுக்கு நான் வரும்போது நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தத் தை மாதம் இவருடைய அக்கா மகன் மன்னார்குடி வருகிறான். அவனிடம் உங்களுக்கு ஒரு டார்ச் கொடுத்து அனுப்புகிறேன். நான் வாங்கிய அதே மாதிரி. வரப்பில் விரியன் கிடந்தால் பத்தடி முன்னாலேயே தெரியும். லித்தியம் பேட்டரி என்பதால் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அழுத்தமாக இரண்டு தரம் தட்டினால் முழு வெளிச்சம், ஒரு தரம் தட்டினால் பாதி. வாய்க்காலுக்குப் பாதியே போதும். சார்ஜ் போடத் தம்பியின் போன் வயரே சேரும்.

அன்புடன்,
செல்வி